ஆடுதீண்டாப்பாளைக்கு நான் போடாத கையெழுத்து

பச்சிலைக் கம்பெனி லேபில் வேலை கிடைத்திருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது உங்களோடு படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். ஒரகடம் பக்கம் ஓர் ஆங்கில மருந்துத் தொழிற்சாலையில் பல வருடம் ரசாயன ஆய்வாளராக இருந்துவிட்டு, ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தபோது, உத்திரமேரூர் சாலையில் இருந்த ஒரு மூலிகை மருந்துக் கம்பெனிக்குத் தரக் கட்டுப்பாட்டுத் தலைவியாக வந்தேன். சொந்த ஊரான காவாந்தண்டலத்திலிருந்து ஒரே பஸ் என்பதும் ஒரு காரணம். பழைய இடத்திலிருந்து கிளம்பும்போது கூட வேலை பார்த்த ஒருவர், "புல்லுக்கட்டைப் போய் என்ன மேடம் டெஸ்ட் பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

"நேத்து நீங்க பாஸ் பண்ணி அனுப்பின புற்றுநோய் ஊசி மருந்து நித்தியகல்யாணியிலேர்ந்து வந்தது. எங்க ஊர்ல சுடுகாட்டு ஓரமா பூத்துக் கிடக்கும். அந்தப் புல்லுக்கட்டைத்தான் டெஸ்ட் பண்ணப் போறேன்" என்றேன்.

புதுக் கம்பெனிக்கு வந்தால் அங்கே வேறு விதமான சிரிப்பு. "நம்ம மருந்துல கெமிக்கலே இல்ல மேடம், உங்களுக்கு இங்க வேலை ரொம்ப ஈஸி" என்று வரவேற்றார்கள். இந்த இரண்டு தரப்பும் எதிரெதிரானவை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான்: செடிக்குள் ஒன்றும் கிடையாது. ஒருவர் அதைக் கேலியாகச் சொல்கிறார், இன்னொருவர் பெருமையாகச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் நீங்கள் பணிந்து போகக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் சேர்ந்தபோது அந்தக் கம்பெனியில் அதிகம் விற்றது சொறி, அரிப்புக்கான ஒரு மாத்திரை. நம் பக்கத்தில் அதற்கு வாங்க ஆள் பஞ்சமே இல்லை. நாற்று நடவு, களையெடுப்பு, பூச்சிமருந்து தெளிப்பு என்று சேற்றிலேயே நிற்கும் கால்கள். விரலிடுக்கில் புண், கணுக்கால்வரை அரிப்பு. பெட்டிக்கடையில்கூட அந்த மாத்திரை அட்டை தொங்கும். அட்டையில் பெரிய எழுத்தில் "முற்றிலும் இயற்கையானது, பக்க விளைவுகள் அற்றது, தினமும் உட்கொள்ளலாம்" என்று அச்சடித்திருப்பார்கள்.

அதில் சேர்க்கும் சரக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு பெயரில் நின்றுவிட்டேன். ஆடுதீண்டாப்பாளை. கரிசல் நிலத்து வரப்புகளில் தரையோடு படர்ந்து கிடக்குமே, அந்தச் செடி. ஆடு வாய் வைக்காது என்பதால் அந்தப் பெயர். பூச்சிக்கடிக்கும் விஷக்கடிக்கும் தோல் நோய்க்கும் நம் வைத்தியத்தில் வெகுகாலமாகப் பயன்படுகிற இலை. அதே இலைக்குள் அரிஸ்டோலோகிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய்த் தங்கும். செல்லின் மரபுப் பொருளையே பிடித்துக்கொள்ளும். வலி இருக்காது. மெதுவாகக் குழாய்கள் சுருங்கிக்கொண்டே போகும். மருந்தை நிறுத்தினாலும் கெடுதல் உடனே நிற்காது. புற்றுநோய்க்கும் வழி விடும்.

சோதித்துப் பார்த்தேன். எதிர்பார்த்ததுதான் இருந்தது. சந்தேகப்பட இடமில்லாத அளவுக்கு இருந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனி யாரையும் ஏமாற்றவில்லை. கலப்படம் இல்லை. ஈரம் சரி, சாம்பல் அளவு சரி, ஈயம் பாதரசம் சரி, கிருமி இல்லை. அப்போது எங்கள் கையில் இருந்த விதிகளில் இந்த இலைக்குத் தடையும் இல்லை. கேட்கப்பட்ட எல்லாச் சோதனையிலும் அந்த மாத்திரை தேறியது. யாரும் கேட்காத ஒரு சோதனையில்தான் தோற்றது.

அதே வாரம் பச்சையம்மா பேக்கிங் ஹாலில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பச்சையம்மா எங்கள் ஊர். பேக்கிங் வேலைக்கு வருவதற்கு முன் விவரம் தெரிந்த நாள் முதல் கூலிக்கு நாற்று நட்டவள். இந்தக் கம்பெனியில் ஆள் தேடுகிறார்கள் என்று எனக்குச் சொன்னதே அவள்தான். வாய் ஓயாது, அவள் இருக்கும் வரிசையில் சிரிப்பு நிற்காது. அன்றைக்கு முகம் வெளுத்துப்போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பச்சையம்மா?"

"ஒண்ணியும் இல்லக்கா. நாஷ்டா துன்னா குமட்டிக்கினு வருது. படி ஏறுனா நெஞ்சு அடிச்சிக்குது. வெயிலு."

"அரிப்பு மாத்திரை போடறியா நீ?"

"தெனம் போடறேன். உதிரி மாத்திரைய நம்மளுக்கே குடுத்துடுறாங்களே. கால்ல இருந்த சொறியெல்லாம் போயே பூட்ச்சிக்கா. என் வூட்டுக்காரரும் கேட்டாரு, அவருக்கு இன்னும் குடுக்கல."

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டு அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் பாதிக்குமேல் வேலையை விட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்னார். நல்ல பெண், பொறுமையாகக் கேட்டார். நான் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். "இருக்கலாம். இவங்க கால்வலிக்கு வலி மாத்திரையும் போட்டிருக்காங்க. வருஷக்கணக்கா வெயில்ல தண்ணி குடிக்காம வேலை செஞ்சிருக்காங்க. எது காரணம்னு இப்ப அடிச்சுச் சொல்ல முடியாது. எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றார்.

நியாயமான பதில். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிற ஆளை நீங்கள் நாளைக்கு உங்கள் லேபிலேயே பார்ப்பீர்கள். "நிரூபணம் இல்லையே மேடம்" என்பார்கள். ஒரு பெண்ணின் உடம்பில் எது எதைக் கெடுத்தது என்று நிரூபிப்பது மருத்துவரின் பாடு. அந்தப் பொருள் என்ன செய்யக்கூடியது என்று தெரிந்துகொண்டு அடுத்த உடம்புக்குள் போகவிடாமல் தடுப்பது நம் பாடு. அடுத்தவர் சிறுநீரகத்தை வைத்து நாம் சோதனை செய்ய முடியாது.

பெரிய ஆர்டர் ஒன்று கிளம்பும் நேரம் அது. வடக்கே ஒரு கம்பெனி இந்த மாத்திரையைத் தன் பெயரில் நாடு முழுக்க விற்கப் போகிறது. கொரோனாவுக்குப் பிறகு எந்த மூலிகைக்கும் கிராக்கி. லாரி வந்து வாசலில் நின்றது. என் கையெழுத்து இல்லாமல் சரக்கு வெளியே போகாது. நான் அந்தச் சரக்கின்மேல், அனுப்பக் கூடாது என்பதற்கான சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

முதலாளி வந்தார். கெட்டவர் இல்லை. அவருடைய அப்பா ஒரு கொட்டகையில் தைலம் காய்ச்சித் தொடங்கிய தொழில். மகன் அதைக் கம்பெனியாக்கியவர்.

"மேடம், எல்லா டெஸ்ட்டும் பாஸ். அப்பறம் எதுக்கு சிவப்பு?"

சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"எந்தச் சட்டத்துல தடை?"

"தடை இல்ல சார்."

"அப்ப?"

"தடை வர்ற வரைக்கும் காத்திருந்தா அதுக்குள்ள எத்தன பேர் தின்னிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

"எங்க அப்பா காலத்திலேர்ந்து இந்த இலைய குடுக்கறோம். யார் செத்தா?"

"சிறுநீரகம் போய்ச் செத்தவங்க வந்து உங்ககிட்ட சொல்வாங்களா சார்? வெயில்ல போச்சு, குடிச்சுப் போச்சு, சர்க்கரைல போச்சுன்னு வீட்டுக்காரங்களே சொல்லிக்குவாங்க."

அவர் குரல் மாறியது. "இந்த ஆர்டர் போனா பேக்கிங் ஹால்ல பாதிப் பேருக்கு வேலை இல்ல. உங்க ஊர்ப் பொம்பளைங்கதான். அதையும் யோசிச்சிட்டீங்களா? வெளி லேப்ல ரிப்போர்ட் வாங்கி நான் அனுப்பிக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

"வாங்குங்க. நீங்க கேக்கற டெஸ்ட்ட அவங்க பண்ணுவாங்க. நான் கண்டத நான் எழுதி வச்சிட்டேன். வீட்டுக்குப் போக மாட்டேன். ஷிஃப்ட் முடியல."

அங்கிருந்து பேக்கிங் ஹாலுக்குப் போனேன். சாப்பாட்டு வேளை. பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். போகிற வழியில் எங்கள் மூலிகைத் தோட்டத்தில் சிறுகுறிஞ்சான் இலை ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டேன். கேன்டீனில் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டேன்.

"எல்லாரும் இத மென்னு துப்புங்க" என்றேன். என்னவோ விளையாட்டு என்று நினைத்து மென்றார்கள். கசப்பென்று முகம் சுளித்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை வாயில் போடச் சொன்னேன்.

அப்புறம் ஒருத்தி, "அய்ய, மண்ணு மாதிரி கீதுடி!" என்றாள். இன்னொருத்தி டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தாள். மூன்றாமவள் இன்னொரு வாய் போட்டு, அதையும் துப்பினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"சர்க்கரை மாறல. உங்க நாக்கு மாறிடுச்சு. அந்த இலையில இருக்கற ஒரு ரசாயனம் உங்க நாக்குல போய் உக்காந்துகினு இனிப்பத் தெரியவிடாம மறைக்குது. கொஞ்ச நேரத்துல எறங்கிடும், பயப்படாதீங்க. பச்சை இலைதான். தோட்டத்துல இருந்து இப்பதான் பறிச்சேன். இயற்கைதான். ஒரு இலைக்கு நாக்கப் புடிக்கத் தெரியும்னா, இன்னொரு இலைக்குக் கிட்னியப் புடிக்கத் தெரியும்."

அவர்கள் தினமும் அட்டையில் அடைக்கும் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். இன்றோடு நிறுத்துங்கள், வீட்டில் யாருக்காவது கொடுத்திருந்தால் அவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள் என்றேன்.

என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு பெண் எழுந்து நின்றாள். கணவன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். "யம்மா, நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். இந்த மாத்திர நின்னா கம்பெனி நிக்கும். கம்பெனி நின்னா எங்க சோத்துக்கு நீ படி அளப்பியா? எங்க வவுத்துல ஏன் மண்ணப் போடுற?" என்று கேட்டாள்.

பதில் சொன்னது பச்சையம்மா; கூலி போய்விடும் என்று அன்றும் வேலைக்கு வந்திருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் பேக் பண்ணதயே நான் துன்னன்டி. ஆடு துன்னாத எலையாம். பேர்லயே கீது, நமுக்குத்தான் ஒறைக்கல. வேல போனா நட்டுப் பொயச்சிக்கலாம். கிட்னி போனா எத்த நடுவ?"

அதற்குள் முதலாளி வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த மாத்திரையின் மூலப் பக்குவத்தைக் கொடுத்த சித்த வைத்தியர் அவர்; பெட்டியில் அவர் பெயர் இருக்கும். வயதானவர், கோபக்காரர். ஆங்கில மருந்துக் கம்பெனியிலிருந்து வந்தவள் தன் மருந்தை விஷம் என்று தொழிலாளிகள் முன்னால் சொல்கிறாள் என்று கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"எங்க பரம்பரை மருந்தை நீங்க யாரும்மா குறை சொல்ல?"

"உங்க மருந்தக் குறை சொல்லல ஐயா. ஒரே ஒரு கேள்வி. இந்த இலைய நீங்க உங்க வைத்தியசாலையில எத்தன நாள் குடுப்பீங்க?"

"மூணு நாள். அதிகம் போனா அஞ்சு. பத்தியம் சொல்லித்தான் குடுப்பேன். கர்ப்பிணிக்குக் கிடையாது. உடம்பு இளைச்சவனுக்குக் கிடையாது."

நான் மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "தினமும் உட்கொள்ளலாம்" என்ற இடத்தில் விரலை வைத்தார். அதை அவர் இதற்குமுன் படித்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

"இத யார் போட்டது?" என்று முதலாளியைக் கேட்டார்.

"டீலருங்க கேட்டாங்கய்யா. அஞ்சு நாள் மருந்துன்னா யார் வாங்குவாங்க..."

"அப்ப என் பேர எடுத்துடு. நான் குடுத்தது இது இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். கோபம் தணியவில்லை. "மூணு நாளுக்கும் அது ஆகாதா?"

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், பயமில்லாத அளவுன்னு ஒண்ண இதுவரைக்கும் யாரும் காட்டல ஐயா."

"அத நான் ஒத்துக்கல" என்றார். "ஆனா மாசக்கணக்குல குடுக்கக் கூடாது. அதுல உங்க பக்கம் நிக்கறேன்."

இதையும் கவனியுங்கள். அவரும் நானும் கடைசிவரை முழுக்க ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போன அந்தப் பாதியை வைத்துக்கொண்டே லாரியை நிறுத்தினோம்; அவர் பெயரும் என் கையெழுத்தும் இல்லாமல் சரக்கை அனுப்ப முதலாளி துணியவில்லை. எதிரில் இருப்பவர் உங்கள் ரசாயனத்தை முழுதும் நம்பும்வரை காத்திருந்தால் சரக்கு போய்ச் சேர்ந்துவிடும்.

லாரி காலியாகத் திரும்பியது. ஆர்டர் போயிற்று. முதலாளி சொன்னதுபோலவே பேக்கிங் ஹாலில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். ஊர் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை பல மாதம் காலியாகவே வந்தது. வேறு மருந்துகள் ஓடத் தொடங்கிச் சிலர் திரும்பி வந்தார்கள், எல்லாரும் வரவில்லை. வயிற்றைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் வரவில்லை. படப்பை பக்கம் ஏதோ கம்பெனிக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் கோபம் நியாயம். என் முடிவும் நியாயம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ள முடியாதவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது.

பச்சையம்மாவின் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆனால் சரிவது ஓர் இடத்தில் நின்றது. உப்பு குறைத்து, மாதாமாதம் ரத்தம் பார்த்து, இன்றைக்கும் இருக்கிறாள். வயலில் இறங்குவதில்லை. ஊர் அங்கன்வாடியில் சமைக்கிறாள். வாய் மட்டும் பழையபடிதான்.

லாரி திரும்பிய கையோடு, கடைகளில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த மாத்திரைகளைத் திரும்பப் பெற முதலாளி ஒப்புக்கொண்டார். வைத்தியர் விடவில்லை என்பதால்தான். மருந்து ஆய்வு அலுவலகத்துக்கு அவரும் நானும் சேர்ந்தே எழுதிப் போட்டோம். பெரும்பாலான கடைக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். அவரைப் பார்க்கப் பச்சையம்மாவும் என்னோடு வந்தாள். வராதே என்றால் கேட்கவில்லை.

"கவர்மென்ட்டே தட பண்ணல. நீ யாரும்மா? கஸ்டமரு கேக்கறான், நான் விக்கறேன்" என்றார் கடைக்காரர்.

"நான் துன்னேன். என் கிட்னி பூட்ச்சி" என்றாள் பச்சையம்மா.

நான் அவள் கையைப் பிடித்தேன். "அப்படிச் சொல்லாத. இதாலதான் போச்சுன்னு டாக்டரே சொல்லல."

"உனுக்கு ஆதாரம் வேணும்கா. எனுக்கு வேணாம். நீ உன் மாதிரி சொல்லு, நான் என் மாதிரி சொல்றேன்."

அப்போது மாத்திரை வாங்க வந்து நின்றிருந்த ஒரு விவசாயி எங்களைப் பார்த்துக் கத்தினார். திருப்புலிவனத்துக்காரர், சேற்றுப் புண்ணோடு நின்றார். "இத்தினி நாளு இங்கிலீஷ் மருந்து கெடுதின்னீங்கோ. இப்ப பச்சிலையும் கெடுதின்றீங்கோ. இன்னா பேஜாரும்மா இது! அப்ப நாங்க இன்னாத்ததான் துன்றது?"

கடைக்காரரைவிட அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. "பச்சிலை கெடுதின்னு நான் சொல்லலீங்க. பச்சிலைக்கு வலு இருக்குன்னு சொல்றேன். எது உள்ள போவுதுன்னு கேட்டுட்டுத் தின்னுங்க."

"யார்கிட்ட போய் கேக்கறது? இவன்கிட்டயா?" என்று கடைக்காரரைக் காட்டினார்.

"என்கிட்ட கேளுங்க. கம்பெனி எங்க இருக்குன்னு தெரியும்ல?"

ஏதோ முனகிக்கொண்டு போனார். மாத்திரை வாங்கவில்லை. பிறகு கடைக்காரர் தானே அட்டைகளைக் கழற்றிக் கொடுத்தார். விற்காத சரக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சலித்துக்கொண்டே.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போனபோது கம்பெனி வாசலில் அந்த விவசாயி நின்றுகொண்டிருந்தார். கையில் உரச்சாக்கில் தைத்த பை. அவரோடு இன்னும் சிலர். பையை எனக்கு முன்னால் விரித்தார். அவர் வீட்டில் இருந்த சூரணம், லேகியம், சந்தையில் வாங்கிய வேர், பெயர் இல்லாத பொட்டலங்கள், கூடவே ஆங்கில மாத்திரைகள் எல்லாம் அதில் இருந்தன.

"இதுலல்லாம் இன்னா கீதுன்னு சொல்லு" என்றார்.

காவலாளி நடுவில் வந்து நின்றார். "மேடம், வெளியாளுங்கள உள்ள வுடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிக்கீறாரு. கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நான் கூப்பிட்டேன்னு சொல்லு" என்றேன். கேட்டை நானே திறந்தேன்.